மாமியார் எடுத்த பேக்கப்

1

இந்த வருடம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விருந்தாளிகள் ரசத்துக்கு வந்திருந்த நேரத்தில், எங்கள் வீட்டுக் கூடத்து டிவியில் என் மருமகளின் கடைவாய்ப் பல் தோன்றியது. பெரிய டிவி. வீங்கிப்போயிருந்த ஈறு வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. படத்தின் தரத்தைப் பார்த்து ஒரு நொடி பெருமைப்பட்டேன். மறுநொடி அது யாருடைய வாய் என்று புரிந்து, கரண்டியைக் கீழே வைத்தேன்.

அடுத்து வந்த படம் அதைவிட மோசம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் யார், மருமகளின் பல் என் டிவிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் காரைக்குடியில் இதைப் படிக்கிறவர்கள், ஜெர்மனிக்குப் போன மெய்யம்மைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். முழுவதும் படித்துவிட்டு அப்படி முடிவு கட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

2

பிறந்தது, இன்ஜினியரிங் படித்தது எல்லாம் காரைக்குடி. வாழ்க்கைப்பட்டது பக்கத்தில் நாச்சியாபுரம். இப்போது இருப்பது ஜெர்மனியின் தெற்கே ஒரு நடுத்தர ஊர். என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறார். நான் ஒரு அச்சகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பகலெல்லாம் அடுத்தவர் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுவேன். 

மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு சர்வர் இருக்கிறது. பெயர் கந்தரப்பம். கம்ப்யூட்டர் பைத்தியங்கள் எல்லோரும் மெஷினுக்குப் பெயர் வைப்பார்கள். கிரகங்களின் பெயர், கிரேக்க தெய்வங்களின் பெயர் என்று வைப்பதுதான் வழக்கம். நான் பலகாரத்தைத் தாண்டிப் போனதில்லை. இதற்கு முன்னால் இருந்தது சீப்புச்சீடை. ஒரு கோடையில் சூடு தாங்காமல் செத்துப்போனது. ரவுட்டர் பெயர் மனகோலம். பிரின்டருக்கு மட்டும் பெயர் கிடையாது. பெயர் வைத்துக் கூப்பிடும் மரியாதைக்கு எந்தப் பிரின்டரும் தகுதியானது அல்ல என்பது என் கருத்து.

கருத்துகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை. நம் வீட்டுப் படங்கள் நம் வீட்டில் இருக்க வேண்டும். முகம் தெரியாத ஒரு கம்பெனியின் கிடங்கில் இருக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்கு இணையம் எதற்கு? முட்டை தீர்ந்துவிட்டதா என்று கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. இப்போது தொட்டதற்கெல்லாம் ஏஐ வேறு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதனிடம் எங்கள் ஊர் இனிப்பான கவுனரிசி எப்படிச் செய்வது என்று கேட்டார்; வெங்காயம் தாளிக்கச் சொன்னது. சந்தேகமே இல்லாமல் தப்பாகச் சொல்வதற்கு எங்கள் உறவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், மின்சாரச் செலவு இல்லாமல்.

என்னைப் போன்றவர்கள் மாதம் ஒரு முறை இந்த ஊர் நூலகத்தின் பின்னறையில் கூடுவார்கள். லினக்ஸ் குழு. முதல் முறை நான் போனபோது வாசலில் நின்ற தாடிக்காரர் ஒருவர், "கணவரைக் கூட்டிப்போக வந்தீர்களா?" என்று அன்பாகக் கேட்டார். இப்போது அந்தக் குழுவின் சர்வருக்கு நான்தான் அட்மின். எந்தக் கீபோர்டு நல்லது என்பதில் சண்டை வந்து மூன்று மாதம் பேசாமல் இருந்தவர்கள் அங்கே உண்டு. ஆனால் ஒருவருடைய டிஸ்க் போய்விட்டது என்று தெரிந்தால் ஸ்க்ரூடிரைவரோடு முதலில் வந்து நிற்பதும் அவர்கள்தான். அந்தத் தாடிக்காரர் பெயர் யூர்கன், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். பல் தோன்றிய அன்று சாப்பிட வந்திருந்தது அவரும் அவர் மனைவியும்.

இவ்வளவு இருந்தும் எனக்கு ஒரு குறை. என் மகன் சொக்கலிங்கம் மென்பொருள் எழுதித்தான் பிழைக்கிறான். ஆனால் அவனுக்குக் கம்ப்யூட்டர் பிடிக்காது. மாலையானால் லேப்டாப்பை மூடிவிட்டு மலையேறப் போய்விடுவான். நாங்கள் கம்ப்யூட்டர் பிடித்ததால் இந்த வேலைக்கு வந்தோம். இந்தப் பிள்ளைகளுக்கு இது ஒரு வேலை, அவ்வளவுதான். ஆறு வயதில் இங்கே வந்தவன். தமிழ் பேசும்போது வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று நடுவில் நின்று யோசிப்பான். கந்தரப்பத்துக்கு டிஸ்க் மாற்றும்போது, "ஒரு கை பிடிடா" என்று கூப்பிட்டால் உண்மையாகவே ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையில் போனைப் பார்ப்பான். எனக்குப் பிறகு இந்தச் சர்வரை யார் கட்டி மேய்ப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு. அதனால் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் சந்தோஷத்தில் கொஞ்சம் சுயநலமும் இருந்தது.

3

மருமகள் பெயர் உமையாள். வலையபட்டிப் பெண். கோயம்புத்தூரில் கணக்குத் தணிக்கை செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். தையில் காரைக்குடியில் கல்யாணம், மாசியில் இங்கே வந்துவிட்டாள். இந்த ஊரில் வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருப்பதால், கிடைக்கிற வரை எங்களோடு மாடி அறையில் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

வந்தவளுக்கு முதலில் கிடைத்தது காகிதங்கள். வேலை அனுமதிக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைய ஒரு ரகசிய எண் வேண்டும். அது தபாலில் வரும். தபால்பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால்காரர் போடுவார் என்பதால் அவள் பெயரை ஒட்டினோம். எண் வந்தது, நுழைந்தோம். படிவத்தை அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, ஃபேக்ஸில் அனுப்பவும் என்று வந்தது. பெயரில்லாத பிரின்டர் அன்று ஒத்துழைக்கவில்லை.

மொழியும் அவளைப் படுத்தியது. அவளுக்கு ஆறுதலாக என் கதையைச் சொன்னேன். நான் வந்த புதிதில், வீட்டு உரிமையாளர் அம்மா "ஷ்பைஷர் எல்லோருக்கும் பொது" என்றார். கம்ப்யூட்டரில் தகவலைச் சேமிக்கிற இடத்துக்கு ஜெர்மனில் அந்தப் பெயர் என்றுதான் எனக்குத் தெரியும். இப்படியும் ஒரு நல்ல நாடா என்று பூரித்துப்போய், "எனக்கு எத்தனை ஜிபி?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பரணுக்கு அழைத்துப்போய், சைக்கிள் நிறுத்த இடம் காட்டினார். இந்தப் பக்கத்தில் பரணுக்கும் அதே சொல்தான். உமையாள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போது அவளுக்குப் பல்வலி தொடங்கியிருக்கவில்லை.

வந்திறங்கிய அன்றே அவள் கேட்டாள். "அயித்தை, வைஃபை பாஸ்வேர்டு சொல்றீகளா?"

"போனை இங்குட்டுக் கொடு. நானே போட்டுத் தாரேன்."

கொடுத்துவிட்டுத் தூங்கப் போனாள். வைஃபை போட்டேன். போட்ட கை நிற்கவில்லை. கந்தரப்பத்தில் அவள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். அவள் எடுக்கிற படங்கள் எல்லாம் தானாகவே அங்கே ஒரு பிரதி வந்துவிடும்படி செய்தேன். போன் தொலைந்துவிட்டால் ஊர்ப் படமெல்லாம் போய்விடுமே பிள்ளைக்கு, என்ற ஒரே எண்ணம்தான். வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு மற்ற மாமியார்கள் என்னென்னவோ கொடுப்பார்கள். நான் இரண்டு டெராபைட் கொடுத்தேன். கொடுத்ததை அவளிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்றிரண்டு மாதத்தில் பல்வலி வந்தது. காப்பீட்டு அட்டை இன்னும் வந்து சேரவில்லை. அதனால் அவள் கண்ணாடி முன் வாயைத் திறந்து படம் எடுத்து, ஊரில் பல் டாக்டராக இருக்கும் தன் அண்ணனுக்கு அனுப்பினாள். ஒரு பிரதி அண்ணனுக்கு, ஒரு பிரதி கந்தரப்பத்துக்கு. கந்தரப்பத்தில் இருக்கும் படங்களைக் கூடத்து டிவி தானே கலைத்துப் போட்டுக் காட்டும். வீட்டில் யார் எடுத்த படமானாலும் எல்லோருக்கும் பொது என்று நான் எப்போதோ அமைத்துவைத்தது. விருந்தாளி வந்தால்தான் அந்த டிவியைப் போடுவோம். உமையாள் வந்த பிறகு யூர்கன் தம்பதிதான் முதல் விருந்தாளிகள்.

4

பல்லுக்குப் பிறகு வந்தது ஒரு முகம். உமையாள் தானே எடுத்துக்கொண்ட படம். அழுது அழுது கண் வீங்கி, மூக்கு சிவந்து, தலை கலைந்து இருந்தாள். யாருக்கோ அனுப்புவதற்காக எடுத்ததாகத் தெரியவில்லை. பின்னால் மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலை. அது எங்கள் மாடி அறைத் திரைச்சீலை. நான் தைத்தது.

எல்லோரும் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன். சொக்கன் ரிமோட்டைத் தேடினான். என் வீட்டுக்காரர் எழுந்து கையை விரித்துக்கொண்டு டிவியை மறைத்து நின்றார். மனிதர் ஒல்லி, இரண்டு பக்கமும் அழுத முகம் தெரிந்தது. யூர்கன் நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவியும் அப்படியே செய்தார். இரண்டு ஜெர்மானியர்கள் வெறும் சுவரைப் பார்த்து அப்பளம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, சொக்கன் கடைசியில் டிவியின் பிளக்கைப் பிடுங்கினான்.

உமையாள் என்னைப் பார்த்தாள். "அது என் போன்ல உள்ள படம்தானே அயித்தை?"

"ஆமா."

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"பேக்கப்," என்றேன். வாழ்க்கை முழுவதும் நான் மரியாதையோடு சொல்லிவந்த சொல் அது. அன்று அதைச் சொல்லும்போது நாக்கு கூசியது.

அவள் எழுந்தாள். தட்டை எடுத்துக் கழுவிவைத்துவிட்டு மாடிக்குப் போனாள். யூர்கன் விடைபெறும்போது வாசலில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தப் பெண்ணிடம் கேட்டாயா?" தெருவைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவர்களிடம் என் வீட்டை மங்கலாக்கு என்று எழுதிக் கேட்கிற மக்கள் இவர்கள். இத்தனை வருடமாக அதை நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து உமையாள் எங்கள் வைஃபையைத் தொடவில்லை. ஜெர்மன் வகுப்பு முடிந்ததும் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவாள். கோபத்தை எங்கும் காட்டவில்லை. மரியாதைதான் கூடிப்போனது. "சாப்பிட்டீகளா அயித்தை, மாத்திரை போட்டீகளா" என்று கேட்டுவிட்டு மேலே போய்விடுவாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கத்தி, சேர்ந்து காப்பி குடித்து முடித்திருக்கலாம்.

சொக்கன்தான் வாயைத் திறந்தான். "நீ கேட்டிருக்கணும் ஆத்தா. நாங்க வேற வீடு பாக்குறோம். தூரமா இருந்தாலும் பரவாயில்லை, இந்த மாசமே போறோம்."

ஒரு நாள் போகத்தான் போகிறார்கள். அது எனக்கு வருத்தமில்லை. ஆனால் இப்படிப் போனால், பிறகு பண்டிகைக்கு வந்து மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளாகிவிடுவார்கள். எனக்கு இருப்பது ஒரே மகன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, என் வீட்டுத் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் ஏன் அழுதாள் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

5

தெரிந்துகொள்ள வழி இருந்தது. அதுதான் சங்கடம்.

ஒரு படத்துக்குள்ளேயே அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும் ஒளிந்திருக்கும். நாள் தெரிந்தால், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்துவிடலாம். நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? சொக்கன் ஏதாவது சொன்னானா? இல்லை, ஊரிலிருந்து ஏதாவது செய்தியா? முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்தால் இன்னும் விளங்கும். அட்மினுக்கு எந்தக் கதவும் மூடியிருக்காது. ஒரு வரிக் கட்டளை போதும். ஒரு காலை வேளையில், எல்லோரும் வெளியே போன பிறகு, கந்தரப்பத்தின் முன் உட்கார்ந்து பாதிக் கட்டளையைத் தட்டியும் விட்டேன்.

அப்போது காரைக்குடியிலிருந்து ஆச்சி கூப்பிட்டார்கள். எங்களில் அக்காவை ஆச்சி என்போம்.

"என்னடி, உன் மருமக முகங்கொடுத்துப் பேசுறதில்லையாம்ல?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"சொக்கன் எம்மகன்கிட்டச் சொல்லியிருக்கான். அவன் எங்கிட்டச் சொன்னான். ஏதோ பல்லைப் படம் போட்டியாமே." எங்கள் உறவில் செய்தி போக எந்தச் சர்வரும் தேவைப்பட்டதில்லை. "அது கிடக்கட்டும். அவுகளை வேறு வச்சியா இல்லையா?"

"இங்க என்ன ஆச்சி வேறு வைக்கிறது? இருக்குறது ஒரு அடுப்பு. எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுறோம்."

"என்னமோ போ. குக்கர் சத்தம் போடுது, வைக்கிறேன்."

வேறு வைப்பது என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால், அதே கூரைக்குக் கீழே அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அரிசி, புளி, மிளகாய், பாத்திரம் எல்லாம் பெற்றவர்களே கொடுப்பார்கள். அன்றிலிருந்து அவர்கள் சமையல் அவர்களுக்கு, செலவு அவர்களுக்கு. சண்டை வந்து பிரிப்பது இல்லை. சண்டை வரக்கூடாது என்று முன்கூட்டியே செய்வது. வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்கும். தம்பதிக்கு ஒரு அறை. அந்த அறைக்கே எங்கள் பேச்சில் வீடு என்றுதான் பெயர். பூட்டும் சாவியும் உண்டு. சாவி மருமகளிடம்.

நாச்சியாபுரத்தில் என்னை வேறு வைத்தபோது என் வீட்டில் நான் என்ன வைத்தேன் தெரியுமா? மற்றவர்கள் சீர்ப் பாத்திரங்களை அடுக்கினார்கள். நான் பாத்திரங்களை மேலே ஏற்றிவிட்டு, மதுரையில் உதிரியாக வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டரை வைத்தேன். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸைப் போடுவதும், மெஷின் நின்றுபோவதும், மறுபடி போடுவதுமாக மத்தியானங்கள் கழிந்தன. கரண்ட் போனால் யுபிஎஸ் கத்தும். புது மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறாள், என்ன அது கீச்சுக் கீச்சு என்று வளவில் இருந்த அத்தனை பேருக்கும் சந்தேகம். என் மாமியாரிடம் வந்து கேட்பார்கள். அவர் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அது அவ வீடு" என்பார். அவ்வளவுதான் பதில். அவர் சாதுவான ஆள் இல்லை. எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருந்திருக்கும். ஆனால் ஒரு நாளும் அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்ததில்லை.

அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இந்த வேலையும் இல்லை, இந்தப் பைத்தியமும் இல்லை. பாதித் தட்டிய கட்டளையை எழுத்து எழுத்தாக அழித்தேன்.

6

அன்று சாயங்காலம் மாடி அறைக் கதவைத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றேன்.

"உமையா, கீழ வாறியா? உன் படத்தையெல்லாம் அழிக்கணும். நான் தொடலை. நீயே அழிச்சிரு."

வந்தாள். மாடிப்படிக்குக் கீழே எனக்கு என்றே போட்டிருக்கும் முக்காலியில் அவளை உட்காரவைத்தேன். எதைத் தட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, யூர்கனைப் போல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். கீபோர்டு சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"பாத்தீகளா அயித்தை?"

"டிவியில வந்ததுதான். அதுக்கு மேல பாக்கலை."

"பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாம்."

 பிறகு அவள் சாதாரணமாகக் கேட்டாள். "எங்க ஆபீஸ்ல எந்த ஃபைலை யாரு எப்பத் தொறந்தாகன்னு பதிவு இருக்கும். இதுல இருக்கா?"

இருந்தது. திரும்பி வந்து காட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். அவள் பெயர்க் கணக்குக்குள் டிவியைத் தவிர வேறு யாரும் நுழைந்ததற்கான அடையாளம் இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும் எனக்கு, என் வார்த்தையை நம்பாமல் பதிவைக் கேட்கிறாளே என்று. வரவில்லை. இந்த வீட்டில் என்னைத் தவிர சர்வரின் பதிவைப் படித்த முதல் ஆள் அவள்தான். என் முகத்தை அவள் பார்த்துவிடக்கூடாதே என்று மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் உன்னைக் கேட்டிருக்கணும்," என்றேன்.

"ஆமா, கேட்டிருக்கணும்," என்றாள். அப்புறம் அழித்துவிட்டு எழுந்தாள்.

அந்த வாரமே அவர்களை வேறு வைத்தேன். சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், ஒரு டிஸ்க், ஒயர்கள், கூடவே ஒரு படி அரிசி, புளி, உப்பு. நல்ல நேரம் பார்த்து மாடி அறையில் கொண்டுபோய் வைத்தோம். என் வீட்டுக்காரர் பால் காய்ச்சினார். பால் காய்ச்ச வேண்டிய இடமா இது என்று கேட்டதற்கு, வேறு எப்போதுதான் காய்ச்சுவது என்றார். சொக்கன் தலையில் அடித்துக்கொண்டான். "ராகுகாலம் பாத்து சர்வர் வைக்கிற ஒரே ஆள் நீதான் ஆத்தா."

"பாஸ்வேர்டு நீயே போட்டுக்க," என்று உமையாளிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அடுத்து வந்த நாட்களில் அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் திண்டாடுவது கேட்டது. வைத்ததை அழித்து மறுபடி வைக்கிறாள், ஏதோ நின்றுபோகிறது, சலித்துக்கொள்கிறாள். போய்ச் சரிசெய்து கொடுக்க என் கை பரபரத்தது. கைக்கு வேலை வேண்டுமே என்று முறுக்குப் பிழிந்தேன். அந்த மாதம் எங்கள் தெருவில் இருக்கும் அத்தனை ஜெர்மானியர்களும் முறுக்குச் சாப்பிட்டார்கள்.

மூன்றாம் முறை எல்லாம் நின்றுபோனபோது அவளே இறங்கி வந்தாள். "அயித்தை, ஒரு சந்தேகம். உள்ள வந்து பாக்குறீகளா?"

போனேன். என்ன தப்பு என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதைச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருந்ததுதான் நான் இந்த வருடம் செய்த மிகக் கடினமான வேலை.

7

ஆடி போகட்டும் என்று சொன்னேன், கேட்டார்கள். ஆவணியில், ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊரில் வீடு கிடைத்துக் கிளம்பினார்கள். உமையாளுக்கு அங்கேயே ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. மறுபடியும் முகவரிப் பதிவு, மறுபடியும் தபாலில் ரகசிய எண். எங்கள் தபால்பெட்டியில் ஒட்டியிருந்த அவள் பெயரை நான் இன்னும் உரிக்கவில்லை. அவளுக்கு ஏதாவது தபால் வந்தால் என்ன செய்வது என்று என் வீட்டுக்காரரிடம் காரணம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். ஒயரைச் சுருட்டியபடியே கேட்டாள். "அன்னைக்கு ஏன் அழுதேன்னு நீங்க கேக்கவே இல்லையே அயித்தை?"

"நீ சொல்லலையே."

சொன்னாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதப்போவதில்லை. என்னைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது. அது எனக்கு. மற்றதெல்லாம் அவளுடையது.

பிறகு அவள் ஒரு காரியம் கேட்டாள். எதற்கும் ஒரு பிரதியை வேறொரு இடத்தில் வைத்திருக்க வேண்டும், ஒரே வீட்டில் இரண்டு பிரதி இருந்தால் போதாது என்று எங்கோ படித்திருக்கிறாள். வருடக்கணக்காக நான் தொண்டை வற்றச் சொல்லி ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயம் அது.

"கந்தரப்பத்துல எனக்குக் கொஞ்சம் இடம் தாறீகளா? பூட்டித்தான் அனுப்புவேன். சாவி எங்கிட்டத்தான் இருக்கும். உங்களாலகூடத் தொறக்க முடியாது. பரவாயில்லையா?"

அவளுடைய இரண்டு டெராபைட் அங்கேயே காலியாகத்தான் கிடந்தது. எடுத்துக்கொள் என்றேன்.

இப்போது தினமும் காலையில், அவர்கள் வீட்டுச் சோப்பு டப்பாவிலிருந்து எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு பொதி வந்து இறங்குகிறது. முழுக்கப் பூட்டிய பொதி. நான் காப்பிக் கோப்பையோடு போய், பத்திரமாக வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பேன். சில நாள் சின்னதாக இருக்கும். அக்டோபர் விடுமுறையில் அவர்கள் எங்கேயோ போய்வந்த வாரம் மிகவும் பெரிதாக இருந்தது. நன்றாகச் சுற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஆச்சி கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். அவர்களுக்கு விளங்கிய மாதிரியும் இருந்தது, விளங்காத மாதிரியும் இருந்தது.

"தினமும் அனுப்புறாளா? அப்படி அதுல என்னதான் வச்சிருக்கா?"

"தெரியாது ஆச்சி."

"உன் பெட்டியிலதானடி இருக்கு?"

"என் பெட்டியிலதான் இருக்கு. எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் ஆச்சி குக்கரை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பச் சரியாத்தான் வேறு வச்சிருக்க," என்றார்கள்.